ஓட்டோமோவின் அடுத்த படம்: எதை எதிர்பார்த்துக் காத்திருப்பது?

கேள்வி: பெரம்பூர் வாசி

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் நண்பர்கள் ஆறு பேர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஓர் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், படம் பார்ப்பது வழக்கம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகை புரொஜெக்டரை வைத்துத் தொடங்கிய பழக்கத்துக்கு இப்போது ஐந்து வயதாகிறது. சென்ற மாதம் ஜப்பானிய இயக்குநர் கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’வை மறுபடியும் பார்த்தோம். படம் முடிந்தபின் எழுந்த வாக்குவாதம் இரவு பத்தரை மணிவரை நீண்டு, கீழ்வீட்டு மாமா படியேறி வந்து கடிந்துகொள்ளும் அளவுக்குப் போய்விட்டதால், மீதியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

ஓட்டோமோ இயக்கிய முழுநீள அனிமேக்களில் நாம் பார்த்த கடைசிப் படமான ‘ஸ்டீம்பாய்’ 2004 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அதன்பின் 2019 ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அனிமே எக்ஸ்போவில், ‘ஆர்பிட்டல் எரா’ என்ற புதிய முழுநீளப் படத்தை அவர் அறிவித்தார். சன்ரைஸ் ஸ்டுடியோ தயாரிக்கிறது என்றும், இன்னும் கட்டி முடிக்கப்படாத ஒரு விண்வெளிக் குடியிருப்பில் வாழும் சிறுவர்களின் கதை நான்கு பருவங்களின் ஊடாக நகரும் என்றும் சொன்னார்கள். அந்த அறிவிப்பு வந்த நாளில் நான் முதுகலை மாணவன். இன்று என் மகளுக்குப் பெயர் சூட்டியாகிவிட்டது. படத்தை மட்டும் இன்னும் திரையில் பார்த்தபாடில்லை.

எங்கள் குழுவில் ஒருவன் இது இரண்டாவது ‘அகிரா’வாக இருக்கும் என்று சத்தியம் செய்கிறான். இன்னொருத்தி, 1954இல் பிறந்த ஒருவரிடம், முப்பத்துநான்கு வயதில் அவர் செய்ததையே எழுபதைத் தாண்டியபின்னும் கேட்பது அநியாயம் என்கிறாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படவில்லை. ஒரு படத்துக்கு இத்தனை ஆண்டுகள் ஏன் தேவைப்படுகின்றன? நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பிவந்த மற்ற இயக்குநர்கள் எப்படித் திரும்பினார்கள்? வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் நியாயமாக எதை எதிர்பார்க்கலாம்? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் மகிழ்வேன்.

பதில்: மேசைவிளக்கு

வணக்கம் பெரம்பூர் வாசி. நான் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் இருபரிமாண அனிமேஷன் வரைபவள். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என் மேசையிலிருந்து பதில் சொல்கிறேன்.

திரைப்படம் என்பது வினாடிக்கு 24 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு புதிய படம் வரைந்தால் அதை ‘ஒன்ஸ்’ என்போம். ஒரு படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினால் ‘டூஸ்’, மூன்றுக்கு நிறுத்தினால் ‘த்ரீஸ்’. ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமே பெரும்பாலும் த்ரீஸில், அதாவது வினாடிக்கு எட்டுப் படங்களில், ஓடுகிறது. பாத்திரம் அசையாமல் நிற்க, வாய் மட்டும் திறந்து மூடுவது அந்தச் சிக்கனத்தின் மற்றொரு வடிவம். 1988 ஜூலையில் வந்த ‘அகிரா’ இந்தச் சிக்கனத்தை ஏறக்குறைய முழுவதுமாக உதறித் தள்ளிய படம். 124 நிமிடப் படத்துக்கு 1,60,000க்கும் மேற்பட்ட செல்கள் (படம் தீட்டும் ஒளிபுகும் தாள்கள்) பயன்படுத்தப்பட்டன. ஜப்பானில் வரைந்து முடித்தபின் குரல் பதிவு செய்வதே வழக்கமாக இருக்க, இந்தப் படத்துக்குக் குரலை முன்பே பதிவுசெய்து, உதடுகளின் அசைவை அதற்கேற்ப வரைந்தார்கள். அடுத்த முறை பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிட்டு வாய்களை மட்டும் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

சென்ற ஆண்டு எனக்கு ஒரு காட்சி வந்தது. பாவாடை சட்டை அணிந்த ஒரு சிறுமி, கையில் தூக்குச்சட்டியுடன் நான்கு படிகள் இறங்க வேண்டும். நேரம் மூன்று வினாடி. டூஸில் கணக்கிட்டால் 36 படங்கள். சிறுமியின் நடை ஒரே நாளில் வந்துவிட்டது. அவள் கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் பாவாடை ஒரு கணம் தாமதித்து அடங்க வேண்டும்; தூக்குச்சட்டி அதற்கும் பின்னால், தன் கைப்பிடியில் தனியாக ஆட வேண்டும்; உள்ளே சாம்பார் இருக்கிறது என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிய வேண்டும் என்றார் எங்கள் இயக்குநர். அந்தச் சாம்பாரின் கனத்தைக் கொண்டுவர எனக்கு மேலும் நான்கு நாள் ஆனது. ‘அகிரா’வில் ஒரு கட்டடம் இடிந்து விழும்போது ஒவ்வொரு கான்கிரீட் துண்டும் தனக்கென ஓர் எடையோடும் ஒரு சுழற்சியோடும் விழுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வலது மணிக்கட்டு வலிக்கும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஹயாவோ மியாசாகி 2013 செப்டம்பரில் செய்தியாளர்களை அழைத்து, முழுநீளப் படங்களிலிருந்து ஓய்வுபெறுவதாக அறிவித்தவர். பிறகு மனம் மாறி அவர் எடுத்த ‘தி பாய் அண்ட் தி ஹெரன்’ பற்றி, தயாரிப்பாளர் தோஷியோ சுஸுகி 2020இல் தந்த விவரம் இது: கையால் வரையும் 60 அனிமேட்டர்களைக் கொண்டு மாதத்துக்கு ஒரு நிமிடம் முடிகிறது, மூன்று ஆண்டுகளில் 36 நிமிடங்கள் முடிந்திருக்கின்றன. இந்த வேகத்தில் 124 நிமிடப் படம் ஒன்றுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஓட்டோமோவின் ‘ஸ்டீம்பாய்’க்கும் ஏறக்குறைய பத்து ஆண்டுகள்தான் ஆயின, 1,80,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள், 240 கோடி யென் செலவு. ஆகவே 2019 அறிவிப்பை அன்றே படம் தொடங்கிவிட்டது என்று கொண்டாலும், இதுவரை கழிந்த காலத்தை அவருடைய வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல முடியாது.

ஓட்டோமோ மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, வரைபவராக வந்தவர் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மியாசாகியின் ஸ்டுடியோவான ஜிப்லியின் இசாவோ தகஹாதா தாம் வரையாத இயக்குநர். ‘தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் காகுயா’வில் ஒசாமு தனாபே போன்ற ஓவியர்களின் கைகளை நம்பியே இயங்கினார். ஓட்டோமோவுக்கோ, காட்சிகளை முன்கூட்டியே வரைந்து திட்டமிடும் ஸ்டோரிபோர்டிலேயே ஜன்னல் கம்பிவரை கண்முன் நிற்கிறது. அப்படிப்பட்டவரிடம் வரைந்து கொடுப்பவர்களுக்கு நான் மனப்பூர்வமாக அனுதாபம் தெரிவிக்கிறேன்.

பதில்: மவுண்ட் ரோடு பழசு

தம்பி, உங்கள் மாமா பத்தரை மணிக்குத்தான் மேலே வந்தார் என்றால் அவர் மிகவும் நல்லவர்.

எனக்கு ஓட்டோமோ அறிமுகமானது படத்தின் வழியாக அல்ல. தொண்ணூறுகளின் நடுவில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில், அமெரிக்காவில் எபிக் நிறுவனம் வெளியிட்ட வண்ண ‘அகிரா’ இதழ்களில் ஒன்றைக் கண்டெடுத்தேன். பின்னட்டை கிழிந்திருந்தது. முதல் பக்கத்தில் பென்சிலில் 40 என்று எழுதியிருந்த விலையை 25 ஆகக் குறைக்க அரைமணி நேரம் பேச வேண்டியிருந்தது. மூலத்தில் கறுப்பு வெள்ளையாக இருந்த மாங்காவுக்கு அந்தப் பதிப்பில்தான் கணினி வழியே வண்ணம் தீட்டினார்கள் என்பதும், 1982 முதல் 1990 வரை வந்த அந்தத் தொடர் முடிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே படம் எடுக்கப்பட்டுவிட்டது என்பதும் எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

‘ஸ்டீம்பாய்’ வந்தபோது என்ன நடந்தது என்பதை இளைஞர்களான நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ‘அகிரா’வுக்கும் அதற்கும் நடுவே பதினாறு ஆண்டுகள். அவர் சும்மா இருக்கவில்லை. 1995இல் ‘மெமரீஸ்’ தொகுப்புப் படத்தில், ஒரே தொடர்ச்சியான ஷாட் போலத் தோன்றும்படி ‘கேனன் ஃபாடர்’ என்ற பகுதியை இயக்கினார். 2001இல் ரின்தாரோ இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்குத் திரைக்கதை எழுதினார். ஆனால் ரசிகர்கள் கேட்டது ‘அகிரா’வின் மோட்டார் சைக்கிளையும் அதன் எதிர்கால நகரமான நியோ டோக்கியோவையும். அவர் கொடுத்ததோ 1866ஆம் ஆண்டின் இங்கிலாந்து, நீராவி, பித்தளைக் குழாய்கள், ஒரு கண்டுபிடிப்பை முன்வைத்துப் பிள்ளை, தகப்பன், தாத்தா என்று மூன்று தலைமுறைகள் போடும் சண்டை. வெளிநாடுகளில் வெளியான ஆங்கில டப்பிங் பதிப்பில் படம் 126 நிமிடங்களிலிருந்து 106 நிமிடங்களாக வெட்டப்பட்டது. நான் பர்மா பஜாரில் வாங்கிய வட்டில் இருந்ததும் அந்த வெட்டுப்பட்ட வடிவம்தான். அதைப் பார்த்துவிட்டு, “ஆள் முடிந்துவிட்டார்” என்று நண்பர்களிடம் தீர்ப்பே வழங்கினேன். சில ஆண்டுகள் கழித்து முழுப் படத்தையும் பார்த்தபோது, தாத்தாவும் தகப்பனும் விஞ்ஞானம் யாருக்காக என்று வாதிடும் இடங்களில் எழுந்து உட்கார்ந்தேன். அன்று நான் காத்திருந்தது ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒரு படத்துக்காக. ஆகவே புதிதாக வந்த படம் என் கண்ணில் படவே இல்லை.

நம் ஊரில் இது புதிதா என்ன? ‘ஆரண்ய காண்டம்’ 2011இல் வந்தது. அதே தியாகராஜன் குமாரராஜா எட்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், ‘சூப்பர் டீலக்ஸ்’ கொடுத்தார். முதல் படத்தின் வடசென்னையை மறுபடியும் எதிர்பார்த்துப் போனவர்கள் முகம் சுளித்ததை நான் அரங்கத்திலேயே பார்த்தேன். மறுபக்கம் ருத்ரய்யா இருக்கிறார். 1978இல் ‘அவள் அப்படித்தான்’, 1980இல் ‘கிராமத்து அத்தியாயம்’, அதன்பின் 2014இல் மறையும்வரை வேறு படமே இல்லை. அவர் திரும்பி வருவார் என்று எழுபதுகளில் இளைஞர்களாக இருந்த என் அண்ணன்மார் கண் பூத்துப்போகக் காத்திருந்தார்கள்.

ஆகவே ஓட்டோமோ ஒரு படத்தை அறிவித்திருக்கிறார் என்பதே எனக்கு ஓரளவு போதும். விண்வெளிக் குடியிருப்பில் நான்கு பருவங்கள் என்கிறார்களே, அங்கே பருவம் எப்படி வரும், மழையை யார் திறந்துவிடுவார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அந்தக் கேள்வியிலேயே இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

பதில்: கறுப்புக் காப்பி

மேலே இருப்பவர்கள் அழகாக எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்ற நினைப்பை என்னால் விட முடியவில்லை. அறிவிப்பு வேறு, படம் வேறு. அனிமே இயக்குநர் சதோஷி கொன் நினைவுக்கு வருகிறார். இவர் ஓட்டோமோவுக்கு அந்நியரும் அல்ல. மாங்காவில் அவரிடம் உதவியாளராக இருந்தவர். ‘மெமரீஸ்’ தொகுப்பின் ‘மேக்னெடிக் ரோஸ்’ பகுதிக்குத் திரைக்கதை எழுதியவர். 2010 ஆகஸ்டில், 46 வயதில், கணையப் புற்றுநோயால் அவர் இறந்தபோது ‘ட்ரீமிங் மெஷின்’ படத்தின் பல நூறு ஷாட்டுகள் ஏற்கெனவே வரையப்பட்டிருந்தன. தயாரிப்பாளர் மசாவோ மருயாமா அதை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று முயன்றார். கொன்னின் இடத்தில் நின்று அதை முடிக்கக்கூடியவர் கிடைக்காததால் படம் அப்படியே நின்றுபோனது.

தகஹாதாவின் கதையில் படம் வந்தது, பணம் வரவில்லை. 1999இல் ‘மை நெய்பர்ஸ் தி யமாடாஸ்’, பிறகு பதினான்கு ஆண்டுகள் கழித்து 2013 நவம்பரில் ‘காகுயா’. அதே ஆண்டுக் கோடையில் மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தோடு ஒன்றாக வெளியிடுவதாகத் திட்டமிட்டு, அதுவும் தள்ளிப்போனது. ஏறத்தாழ 500 கோடி யென் செலவான அந்தப் படம் ஜப்பானில் வசூலித்தது அதில் பாதியளவுதான். இளவரசி விருந்து மண்டபத்தைவிட்டு ஓடும் காட்சியில் கோடுகள் கிறுக்கலாகச் சிதறும் அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் பாதி நஷ்டமானாலும் தகும் என்பது என் கட்சி. முதல் போடுபவர் என் கட்சியில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே. ‘ஆர்பிட்டல் எரா’வுக்கு முன்பே புகழ்பெற்ற மாங்காவோ முந்தைய பாகமோ துணைக்கு இல்லை. இத்தகைய படத்தைத் தாங்கும் பொறுமை யாருக்கு எவ்வளவு நாள் இருக்கும் என்பதையும் பேச வேண்டும் அல்லவா?

பதில்: சூளைமேடு மாணவி

சூளைமேட்டில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பவள் நான். எல்லோரும் 2004இலிருந்து 2019க்குத் தாவிவிட்டீர்கள். நடுவே 2012இல் ஓட்டோமோ எழுதி இயக்கிய, பன்னிரண்டு நிமிடமே ஓடும் ‘ஹி நோ யோஜின்’ குறும்படத்தை ஒருவரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கம்பஸ்டிபிள்’ என்ற பெயரில் வந்தது. ஜப்பான் மீடியா ஆர்ட்ஸ் விழாவில் அனிமேஷன் பிரிவின் முதற்பரிசைப் பெற்றது. 2013இல் ‘ஷார்ட் பீஸ்’ தொகுப்பின் ஒரு பகுதியாகத் திரையரங்குக்கு வந்தது. திரும்பிவரும் ஓட்டோமோ எப்படி இருப்பார் என்பதற்கு என்னைக் கேட்டால் ‘அகிரா’வைவிட இதுதான் நெருங்கிய சாட்சி.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘ஹி நோ யோஜின்’ என்பது எடோ காலத்து இரவுக் காவலர்கள் மரக்கட்டைகளைத் தட்டியபடி தெருத்தெருவாகக் கூவிச் சென்ற எச்சரிக்கை: நெருப்பில் கவனம். படத்தின் தலைப்பில் உச்சரிப்பு அதுவே. கான்ஜி எனும் சீன வழி வந்த எழுத்துகள் மட்டும் வேறு. என் ஆசிரியை கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது, தலைப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது என்று புரிந்தது. தலைப்பின் கடைசி எழுத்து ‘அடக்குவது’, ‘தணிப்பது’ என்ற பொருள் தருவது.

படம் ஒரு சுருள் ஓவியம் விரிவதுபோலத் தொடங்குகிறது. சட்டகத்தின் மேலும் கீழும் சுருளின் ஓரங்கள் தெரிகின்றன. கேமரா முகத்தருகே போகாமல், கூரைகளுக்கு மேலே சாய்வாக நின்றபடி பக்கவாட்டில் நகர்கிறது. ஒரு வணிகர் வீட்டுப் பெண், பக்கத்து வீட்டுப் பையன், இருவரின் குழந்தைப் பருவம். பையன் வளர்ந்து தீயணைப்பு வீரனாகிறான். அவளுக்கு வேறு இடத்தில் திருமணம் பேசுகிறார்கள். ஓர் இரவு ஆத்திரத்தில் அவள் எறியும் விசிறி விளக்கில் பட்டுத் தீப்பற்றுகிறது. அதுவரை சுருளுக்குள் அடங்கியிருந்த ஓவியம் நெருப்பு வந்ததும் சட்டகத்தைத் தாண்டிப் பெருகுகிறது. காதலனைப் பார்ப்பதற்காகத் தீ வைத்ததாகச் சொல்லப்படும், 1683இல் மரண தண்டனை பெற்ற, காய்கறி வணிகர் மகள் ஓஷிச்சியின் கதை ஜப்பானியர்களுக்கு நம் கண்ணகி கதை அளவுக்குப் பழக்கம். அதனால் விசிறி பறக்கும்போதே அவர்களுக்கு நெஞ்சு அடைத்துவிடும். நமக்கு அரை நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

தீயை அணைக்க அங்கே தண்ணீரைவிட அதிகம் பயன்படுவது கொக்கி. எரியும் வீட்டுக்கு அடுத்த வீடுகளை வீரர்கள் இழுத்துச் சாய்த்து, தீ பரவும் வழியைத் துண்டிக்கிறார்கள். மேசைவிளக்கு அக்கா சொன்ன அந்த விழும் எடை இங்கேயும் இருக்கிறது, ஆனால் கான்கிரீட்டுக்குப் பதில் மரமும் ஓடும் காகிதக் கதவும். ஆக, அவர் பழையதைத் திரும்பச் செய்யவும் இல்லை, கைவிடவும் இல்லை. நகரம் ஒன்று தன் பாரத்திலேயே சரிவதைத்தான் நாற்பது ஆண்டுகளாக வெவ்வேறு பொருள்களில் வரைந்துவருகிறார். பூமியின் இழுப்பே உணரப்படாத இடத்தில் எடையை எப்படி வரைவார் என்பதே ‘ஆர்பிட்டல் எரா’வைக் குறித்து எனக்கிருக்கும் ஆவல்.

கறுப்புக் காப்பி ஐயாவுக்கு ஒரு செய்தி: 2022 ஜனவரி முதல் கோடான்ஷா பதிப்பகம் ஓட்டோமோவின் முழுப் படைப்புகளையும் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவருகிறது, ‘அகிரா’ படத்தின் ஸ்டோரிபோர்டுகளே தனித் தொகுதிகளாக வந்திருக்கின்றன. அந்தப் பணியும் அவர் மேசைமீதுதான் இருக்கிறது.

பதில்: கறுப்புக் காப்பி

தங்கையே, அந்த ஸ்டோரிபோர்டு தொகுதிகளை நானும் ஒரு நண்பரிடம் புரட்டிப் பார்த்தேன். விலையைக் கேட்டபின் மரியாதையாக மூடி வைத்துவிட்டேன். நஞ்சு கலக்காமல் ஒப்புக்கொள்கிறேன், குறும்படத்தை நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வருகிறேன்.

பதில்: பெரம்பூர் வாசி

அனைவருக்கும் நன்றி. மேசைவிளக்கு அவர்களின் கணக்கை எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். இரண்டாவது ‘அகிரா’ என்று சத்தியம் செய்த நண்பன் சத்தியத்தை இன்னும் திரும்பப் பெறவில்லை. ஆனால் தூக்குச்சட்டியின் ஆட்டத்தை வரைந்து காட்ட முடியுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறான். ஸ்டுடியோ அனுமதிக்காது என்றால் வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ‘ஹி நோ யோஜின்’ முதலிலும், 126 நிமிடமும் வெட்டில்லாத ‘ஸ்டீம்பாய்’ அதன்பின்னும் திரையிடுகிறோம். ஒன்பதுக்குள் முடிந்துவிடும் என்று கீழ்வீட்டு மாமாவிடம் முன்கூட்டியே சொல்லப் போனேன். அவர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். கொக்கி போட்டு வீட்டை இழுப்பார்களாமே என்று சொன்னேன். “பக்கத்துக் குடிசையைப் பிரித்துப் போடுவது நாங்களும் செய்ததுதான், அதில் என்ன அதிசயம்” என்றவர், படம் எத்தனை மணிக்கு என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார். மொட்டைமாடியில் இன்னும் நான்கு நாற்காலிகளுக்கு இடம் இருக்கிறது. வர விரும்புபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.